தைலம் தடவும் இடத்தில் ஒரு தாடைத் தசை

தலை வலித்தால் கை தானாகப் போகும் இடம் நெற்றிப்பொட்டு. தைலம் தடவுவதும் அங்கேதான், துணியை இறுக்கிக் கட்டுவதும் அங்கேதான். அதே இடத்தில் இரண்டு பக்கமும் விரல் நுனிகளை வைத்துக்கொண்டு, கடைவாய்ப் பற்களை ஒருமுறை அழுத்திக் கடித்துப் பாருங்கள். விரலுக்கடியில் ஏதோ புடைத்து எழும்பும். பல்லை விட்டதும் அடங்கிவிடும். அது தாடையை இழுக்கும் தசை. டெம்பொராலிஸ் என்று பெயர். பொட்டிலிருந்து காதுக்குமேல் வரை விசிறிபோல விரிந்து, கீழே குறுகி, கன்ன எலும்பின் வளைவுக்கு அடியில் நுழைந்து கீழ்த்தாடை எலும்பைப் பற்றிக்கொள்கிறது. இருப்பது தலையில், உழைப்பது வாய்க்கு. நாம் தலைவலி என்று சொல்லித் தைலம் தேய்க்கும்போது, பல நேரம் தேய்ப்பது ஒரு மெல்லும் தசையை.

என் அக்கா ஆறு வருடம் அந்த இடத்தில் தைலம் தேய்த்தாள். பள்ளிக்கூட ஆசிரியை. மாதத்தில் பாதி நாள், காலையில் எழும்போதே வலியோடுதான் எழுந்திருப்பாள். முதலில் கண்ணாடியை மாற்றினார்கள். பிறகு சைனஸ் என்று எக்ஸ்ரே, ஆவி பிடித்தல், மூக்கில் ஸ்ப்ரே. அதற்கும் பிறகு ஒற்றைத் தலைவலி மாத்திரை. அது கொஞ்சம் கேட்டது, முழுதாகக் கேட்கவில்லை. வீட்டில் வெயில், பித்தம், தூக்கமின்மை, செல்போன் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். ஒரு பொங்கலுக்குக் கரும்பு கடித்த மறுநாள் அவளால் வாயைச் சரியாகத் திறக்க முடியவில்லை. இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் திறந்து அங்கேயே நின்றுவிட்டது. அப்போதுதான் பல் டாக்டரிடம் போனாள்.

அந்த டாக்டர் பல்லைப் பார்க்கவே இல்லை. காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடச் சொன்னார். கன்னத்தை அழுத்திப் பார்த்தார். பிறகு பொட்டை, மெதுவாக, ஓரிடத்தில் நிறுத்தி. அக்கா முகம் சுளித்தாள்.

“வலிக்குதா?”

“ஆமா டாக்டர்.”

“இது புதுசா இருக்கா, இல்ல உங்களுக்கு எப்பவும் வர்ற தலைவலியேதானா?”

அக்கா உடனே பதில் சொல்லவில்லை. “அதேதான்,” என்று சொன்னபோது கண் கலங்கியிருந்தது. ஆறு வருடமாகத் தன்னோடு இருந்த வலியை முதல்முறையாக வேறொருவர் விரலால் தொட்டுக் காட்டியிருந்தார்.

அந்தக் கேள்வி பேச்சுவாக்கில் கேட்டதில்லை. தாடை மூட்டுக் கோளாறுகளுக்காக 2014-இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்ட நோயறியும் விதிகளில் அதற்கு இடம் உண்டு. பொட்டுத் தசையைச் சுமார் ஒரு கிலோ எடையின் அழுத்தத்தோடு அழுத்த வேண்டும், அல்லது தாடையை அகலத் திறந்தும் பக்கவாட்டில் நகர்த்தியும் பார்க்க வேண்டும். வலிக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது. அழுத்தினால் யாருக்கும் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். எழும் வலி, நோயாளிக்குப் பழகிய அதே தலைவலியாக இருக்க வேண்டும். மெல்லும்போதோ கொட்டாவி விடும்போதோ அந்தத் தலைவலி கூடுவதும் குறைவதும் இன்னொரு தடயம். சர்வதேசத் தலைவலி வகைப்பாட்டின் 2018 பதிப்பிலும் தாடை மூட்டுக் கோளாற்றால் வரும் தலைவலிக்கு என்று தனி எண்ணே இருக்கிறது. ஸ்கேன் தேவைப்படாத பரிசோதனை இது. ஆனாலும் ஆறு வருடம் யாரும் அதைச் செய்யவில்லை. கண் ஒருவரிடம், காது மூக்கு தொண்டை ஒருவரிடம், நரம்பு ஒருவரிடம், பல் ஒருவரிடம் என்று தலையைப் பங்குபோட்டுக்கொண்டோம். தாடை மூட்டு எல்லார் வேலிக்கும் நடுவில் விழுந்துவிட்டது.

அந்த மூட்டைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். காதுத் துளைக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்தால், ஒரு எலும்புக் குமிழ் உருண்டு முன்னே நழுவுவது தெரியும். முழங்கை கதவுக் கீல் மாதிரி ஒரே அச்சில் மடங்கும். தாடை மூட்டு அப்படி நின்றுவிடுவதில்லை. முதல் 20, 25 மில்லிமீட்டர் வரை கீலாகச் சுழல்கிறது. அதற்குமேல் வாய் திறக்க வேண்டுமென்றால், குமிழ் தன் குழியை விட்டு வெளியே வந்து மேஜை இழுப்பறைபோல முன்னால் சறுக்க வேண்டும். நன்றாகத் திறந்த வாயில் 40 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கும். நடு மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்குத்தாக நுழைத்துப் பார்ப்பது வழக்கமான வீட்டுப் பரிசோதனை. இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கீழ்த்தாடை ஒரே எலும்பு, அதற்கு இரண்டு மூட்டு. இடது மூட்டு முரண்டுபிடித்தால் வலது மூட்டும் சேர்ந்து அவதிப்படும். ஒன்றோடொன்று கட்டிப்போட்ட ஜோடி மூட்டு இது.

குமிழுக்கும் குழிக்கும் நடுவே நார்க் குருத்தெலும்பாலான ஒரு சிறு தட்டு மெத்தைபோல இருக்கிறது. குமிழ் போகுமிடமெல்லாம் அதுவும் கூடவே போக வேண்டும். சிலருக்கு அது முன்பக்கம் நழுவிவிடும். வாய் திறக்கும்போது குமிழ் அதன்மேல் ஏறும், ‘டக்’ என்று சத்தம் வரும். ஏற முடியாமல் தட்டு குறுக்கே நின்றுவிட்டால் வாய் பாதியிலேயே பூட்டிக்கொள்ளும். அக்காவுக்குக் கரும்பு செய்தது அதுதான். இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வலியில்லாமல் வெறும் ‘டக்’ சத்தம் மட்டும் வருகிற பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு எந்த வைத்தியமும் வேண்டாம். சத்தத்தைக் கேட்டுப் பயந்து, தினமும் வாயைத் திறந்து திறந்து சோதித்துப் பார்ப்பதுதான் கெடுதல்.

தாடை வலிக்காரர்களில் பலர் முதலில் ஈ.என்.டி. டாக்டரிடம்தான் போகிறார்கள். காது அடைத்த மாதிரி இருக்கிறது, குத்துகிறது, இரைகிறது என்பார்கள்; காதைத் திறந்து பார்த்தால் சுத்தமாக இருக்கும். மூட்டுக்கும் காதுக்கும் நடுவே மெல்லிய எலும்புச் சுவர்தான் இருக்கிறது என்பது ஒரு காரணம். அதைவிட ஆச்சரியமான ஒரு பழைய உறவும் உண்டு. ஊர்வனவற்றின் தாடை மூட்டில் இருந்த இரண்டு எலும்புகள், பாலூட்டிகள் உருவான நெடுங்காலத்தில் சுருங்கிச் சுருங்கி நடுக்காதுக்குள் குடியேறி, இன்று நாம் கேட்க உதவும் சுத்தி எலும்பாகவும் பட்டடை எலும்பாகவும் ஆகிவிட்டன. அவை விட்டுப்போன வேலைக்காகப் புதிதாக அமைந்த மூட்டுதான் நம் தாடையில் இருக்கிறது. கருவில் இந்த எலும்புகள் வளரும் விதத்தைப் பார்த்து ஜெர்மன் உடற்கூறியலாளர் கார்ல் ரெய்சர்ட் 1837-லேயே இந்த உறவைச் சொல்லிவிட்டார். செவிப்பறையை இழுத்துப் பிடிக்கும் குட்டித் தசைக்கு இன்றும் தாடை நரம்புதான் கட்டளை அனுப்புகிறது. காதும் தாடையும் ஒரே வீட்டில் பிறந்து பாகம் பிரித்துக்கொண்டவை.

அந்தத் தாடை நரம்பில்தான் தலைவலியின் சூட்சுமம் இருக்கிறது. மூளையிலிருந்து வரும் ஐந்தாவது நரம்புக்கு மூன்று கிளைகள். முதல் கிளை நெற்றிக்கும் கண்ணுக்கும், இரண்டாவது கன்னத்துக்கும் மேல்தாடைக்கும், மூன்றாவது கீழ்த்தாடைக்கும் மெல்லும் தசைகளுக்கும். இதனால்தான் முக்கிளை நரம்பு என்கிறோம். ஒற்றைத் தலைவலி வரும்போது சீண்டப்படும் மூளையின் மேலுறையிலிருந்து வலிச் செய்தி பெரும்பாலும் முதல் கிளை வழியாக வருகிறது. தாடை மூட்டிலிருந்து மூன்றாம் கிளை வழியாக வருகிறது. இரண்டும் மூளைத்தண்டின் அடியில், கழுத்துத் தண்டுவடம் வரை நீளும் ஒரே நரம்பணுத் தொகுதியில் வந்து சேர்கின்றன. கழுத்தின் மேல் மூன்று நரம்புகளும் அங்கேயே வந்து இறங்குகின்றன.

சென்னையின் பழைய ஸ்டோர் வீடுகளில் பத்துக் குடித்தனத்துக்கும் வாசலில் ஒரே அழைப்பு மணி இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மணி அடிக்கிறது, வந்தது யார் வீட்டு விருந்தாளி என்று மணிச் சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. மாடியில் இருக்கும் பாட்டி வழக்கமாக எந்த வீட்டுக்கு ஆள் வருமோ அந்த வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். மூளையும் அப்படித்தான் ஊகிக்கிறது. மாரடைப்பில் இடது கை வலிப்பது இந்த ஊகத்தால்தான். தாடையில் புறப்பட்ட வலி பொட்டிலும் கண்ணுக்குப் பின்னாலும் வலிப்பதும் இதே ஊகத்தால். நோயாளி கற்பனை செய்யவில்லை. வலி உண்மை, முகவரி மட்டும் மாறிவிட்டது.

மணி மாதக்கணக்கில் ஓயாமல் அடித்தால் இன்னொரு கெடுதல் நடக்கிறது. நரம்பணுக்கள் கூர்மையாகிவிடுகின்றன, பிறகு கதவை யார் உரசினாலும் மணி அடிக்கும். தலைசீவினாலே வலிக்கிறது, கண்ணாடிக் காம்பு பட்டாலே வலிக்கிறது என்று சொல்பவர்கள் இந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டவர்கள். தாடை தலைவலியைத் தூண்டும், தலைவலி தாடையின் உணர்வைக் கூர்மையாக்கும். அமெரிக்காவில் 2006-இல் தொடங்கிய ஓப்பேரா என்ற பெரிய ஆய்வு, தாடை வலியே இல்லாத 2,737 பேரை வருடக்கணக்கில் பின்தொடர்ந்தது. ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கு பேருக்குப் புதிதாகத் தாடைக் கோளாறு வந்தது. தொடக்கத்திலேயே ஒற்றைத் தலைவலி இருந்தவர்களுக்கு அந்த அபாயம் கூடுதல். ஆக, எல்லாத் தலைவலிக்கும் தாடைதான் காரணம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

தாடை எப்படிக் கெடுகிறது? பல்லைப் பல்லோடு சேர்த்து வைத்திருப்பது இயல்பான நிலை என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் சும்மா இருக்கும் வாயில் மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே இரண்டு, மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். மெல்லும்போதும் எச்சில் விழுங்கும்போதும் பல் தொட்டு விலகும் நேரத்தையெல்லாம் கூட்டினாலும் ஒரு நாளைக்குச் சுமார் 20 நிமிடம்தான். மீதி நேரமெல்லாம் அந்தத் தசைக்கு ஓய்வு. அக்கா என்ன செய்துகொண்டிருந்தாள் என்றால், இரவு விடைத்தாள் கட்டை மடியில் வைத்துக்கொண்டு, சிவப்புப் பேனாவோடு, இரண்டு மணி நேரம் பல்லைச் சேர்த்தே வைத்திருந்தாள். அழுத்திக்கூட இல்லை, லேசாக. ஸ்கூட்டர் ஓட்டும்போதும், ஊசியில் நூல் கோர்க்கும்போதும், யாரிடமோ பேச முடியாததை விழுங்கும்போதும் நாம் எல்லாரும் செய்வதுதான். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போனேன் என்று தமிழில் சொல்கிறோமே, உடம்பு அதை அப்படியே செய்துவிடுகிறது.

லேசான கடிப்பு போதுமா என்று சந்தேகம் வரும். டென்மார்க் ஆய்வாளர்கள் ரிக்மோர் யென்சனும் யெஸ் ஒலெசனும் 1996-இல் சோதித்துப் பார்த்தார்கள். முழு பலத்தில் பத்தில் ஒரு பங்கு மட்டும் வைத்து 30 நிமிடம் பல்லைக் கடிக்கச் சொன்னார்கள். அடுத்த 24 மணி நேரத்துக்குள், ஏற்கெனவே இறுக்கத் தலைவலி உள்ளவர்களில் 69 சதவீதம் பேருக்குத் தலைவலி வந்துவிட்டது. தலைவலிப் பழக்கமே இல்லாதவர்களில் 17 சதவீதம் பேருக்கு மட்டும். அதே கடிப்புதான், விளைவு ஆளுக்கு ஆள் வேறு. மணி ஏற்கெனவே கூர்மையாகியிருந்தவர்கள் அதிகம் பாதிக்கப்பட்டார்கள்.

தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்ற நம்பிக்கையும் அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை. நியூயார்க் ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, தாடைத் தசை வலி உள்ள 124 பெண்களையும் வலியில்லாத 46 பெண்களையும் தூக்க ஆய்வகத்தில் படுக்கவைத்துத் தசையின் மின்னோட்டத்தை அளந்தது. பல் கடிப்பவர்கள் இரண்டு கூட்டத்திலும் ஏறக்குறைய சம அளவில்தான் இருந்தார்கள். ஆனால் அதே பதிவுகளைப் பிறகு ஆராய்ந்தபோது, வலி உள்ளவர்களின் தசை கடிக்காத நேரத்திலும் முழுதாகத் தளரவில்லை என்று தெரிந்தது. எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இந்தக் கண்டுபிடிப்புதான். இரவில் வரும் பெரிய கடிப்பைவிட, இடையிலும் அடங்காத சின்ன இறுக்கம் அதிகம் களைக்கவைக்கலாம்.

இவ்வளவு தெரிந்துகொள்வதற்கு முன் இந்த மூட்டுக்கு நடந்த கொடுமைகளையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஜேம்ஸ் காஸ்டன் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர் 1934-இல் 11 நோயாளிகளைப் பற்றி எழுதினார். கடைவாய்ப் பல் போனவர்களுக்குத் தாடை அளவுக்குமேல் மூடிக்கொள்கிறது, குமிழ் பின்னால் போய் நரம்பை நசுக்குகிறது, அதனால்தான் தலைவலியும் காதடைப்பும் என்றார். கோளாறுக்கு அவர் பெயரே நிலைத்தது. அப்படி நசுங்குவதற்கு உடலமைப்பில் இடமில்லை என்று உடற்கூறியலாளர்கள் 1940-களிலேயே காட்டிவிட்டார்கள். ஆனால் ‘கடி சரியில்லை’ என்ற எண்ணம் மட்டும் போகவில்லை. அதை நம்பி எத்தனையோ பேருடைய நல்ல பற்களை ராவினார்கள், எத்தனையோ பேருக்குக் கேப் போட்டார்கள். 1980-களில் நழுவிய தட்டை எடுத்துவிட்டு டெஃப்லான் கலந்த செயற்கைத் தட்டுகளை வைத்தார்கள். மெல்லும் அழுத்தத்தில் அவை நொறுங்கித் துகளாகி, சுற்றியிருந்த எலும்பை அரிக்கவைத்தன. 1990 இறுதியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விடுக்கும்போது ஆயிரக்கணக்கானவர்களின் முகத்துக்குள் அவை இருந்தன. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தலைவலி தீரட்டும் என்று போய், வாழ்நாள் வலியோடு திரும்பியவர்கள்.

அதனால்தான் இன்றைய அறிவுரைகள் அடக்கமாக இருக்கின்றன. பி.எம்.ஜே. இதழ் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் பலமாகப் பரிந்துரைப்பது எளிய விஷயங்களை: தாடைக்கான பயிற்சிகள், பிசியோதெரபிஸ்ட் கையால் தசையைத் தளர்த்துவது, நிற்பதும் உட்காருவதும் சரியாக இருக்கப் பழகுவது, வலியைப் பற்றிய பயத்தையும் பழக்கங்களையும் மாற்றும் மனநல சிகிச்சை. பல் அமைப்பையே மாற்றிவிடும், திரும்பப் பெற முடியாத கருவிகளையும் தட்டை வெட்டி எடுப்பதையும் அது கடுமையாக எதிர்க்கிறது. இரவில் பல்லில் மாட்டிக் கழற்றும் நைட் கார்டைப் பற்றிக்கூட அவ்வளவு உற்சாகம் காட்டவில்லை. பல் தேய்மானத்தைத் தடுக்க அது உதவும். வலிக்கு முதல் மருந்து என்று ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

ஆனால் ஒற்றைத் தலைவலியும் தாடை வலியும் சேர்ந்தே இருப்பவர்கள் விஷயத்தில் பிரேசிலில் 2013-இல் வெளிவந்த ஒரு சோதனை யோசிக்கவைக்கிறது. இரண்டும் உள்ள 89 பெண்களை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒற்றைத் தலைவலிக்கான ப்ரோப்ரனலால் மாத்திரையும் பல்லுக்கு மாட்டும் ஸ்பிளிண்டும் உண்மையாகக் கிடைத்தது ஒரு குழுவுக்கு. மற்றவர்களுக்கு ஏதாவது ஒன்றோ இரண்டுமோ போலி. இரண்டும் உண்மையாகப் பெற்ற குழுவுக்குத்தான் ஒற்றைத் தலைவலி தெளிவாகக் குறைந்தது. அக்காவுக்கு மாத்திரை ஏன் அரைகுறையாகக் கேட்டது என்பது இதைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. நரம்பியல் மருத்துவரும் பல் மருத்துவரும் ஒரே நோயாளியைப் பற்றிப் போனிலாவது பேசிக்கொள்ள வேண்டும்.

வலி மாத்திரையை வாரத்தில் நான்கு நாள் போடுபவர்கள் நின்று யோசிக்க வேண்டும். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ மூன்று மாதத்துக்கும் அதிகமாகத் தொடர்ந்தால், மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடலாம். இன்னும் சில நேரங்களில் தாடை என்று நினைத்து வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. 50 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகப் பொட்டில் வலி, இரண்டு வாய் மெல்லும்போதே தாடை அசந்து வலிப்பது, தலைத்தோல் தொட்டால் வலிப்பது, பார்வை மங்குவது என்று இருந்தால், அது பொட்டு ரத்தநாளத்தின் அழற்சியாக இருக்கலாம். சிகிச்சை தாமதமானால் கண் பார்வை போகலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இடிபோலத் திடீரென்று வரும் தலைவலி, கை கால் மரத்தல், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு ஆகியவையும் அப்படித்தான். பாக்கும் புகையிலையும் போடுபவருக்கு வாய் திறப்பது நாளுக்கு நாள் குறைந்தால், மூட்டைவிட முதலில் கன்னத்தின் உட்புறத்தைக் காட்ட வேண்டும். அங்கே தோல் இறுகுவது புற்றுநோய்க்கு முந்தைய நிலையாக இருக்கலாம்.

அக்காவுக்கு அந்த டாக்டர் எழுதிக் கொடுத்தது ஒரு சீட்டு முழுக்கத் தமிழில். கொஞ்ச நாள் மென்மையான சாப்பாடு; பட்டாணி, சூயிங்கம் வேண்டாம். கொட்டாவி வந்தால் மோவாயைக் கையால் தாங்கிக்கொள்ள வேண்டும். காலையும் மாலையும் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து கன்னத்திலும் பொட்டிலும் பத்து நிமிடம் ஒற்றடம். எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று: “மெதுவா ‘ன்’னு சொல்லுங்க. நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னாடி போய் நிக்குதில்ல? அங்கேயே இருக்கட்டும். உதடு மூடியிருக்கட்டும். பல்லு சேரக் கூடாது.” ஒரு நாளைக்கு எத்தனை முறை முடியுமோ அத்தனை முறை.

நினைவு வர வேண்டுமே என்று அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து, அடுப்பு மேடை டைல்ஸில் ஒன்று, செல்போன் பின்பக்கம் ஒன்று, ஸ்கூட்டர் ஹேண்டில் நடுவில் ஒன்று, விடைத்தாள் வைக்கும் அட்டையின் மூலையில் ஒன்று என்று வீடெங்கும் ஒட்டினாள். பொட்டைப் பார்த்தால் பல்லை விட வேண்டும். முதல் வாரம் பார்க்கும்போதெல்லாம் பல் சேர்ந்தே இருந்தது என்று அழாத குறையாகப் போனில் சொன்னாள். நான்கு மாதம் கழித்து மாதத்தில் நான்கு நாள் வலி என்றாள். ஒற்றைத் தலைவலி மாத்திரை இன்னும் இருக்கிறது, அளவு பாதி. போன மாதம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அடுப்பு மேடையில் இருந்த பொட்டு எண்ணெய்ப் பிசுக்கில் நிறம் மங்கிப் போயிருந்தது. பேசிக்கொண்டே அதைப் பிய்த்து எறிந்துவிட்டு, அட்டையிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து அதே இடத்தில் ஒட்டினாள்.